ஏரி மீன் யாருக்குச் சொந்தம்?

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கை எடுத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கொப்பரையை 2,668 அடி உயரத்துக்குத் தோளில் சுமந்து போய், நெய் ஊற்றி, திரி போட்டு, தீபம் ஏற்றுகிற உரிமை பரம்பரையாக யாருக்கு என்று நம் குழுக்களில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. பருவதராஜ குலத்தாருக்குத்தான் அந்த உரிமை. செம்படவர் என்றும் சொல்லுவார்கள். ஏரி, குளம், ஆறு என்று நல்ல தண்ணியில் மீன் பிடித்துப் பிழைத்த சனம். பார்வதியே பருவதராஜன் மகளாகப் பிறந்து வலை வீசினாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பூசை செய்கிறவர்களும் இவர்கள்தான்.

நானும் அந்த வீட்டுப் பெண்தான். எங்க அம்மா 30 வருஷம் மீன் கூடை சுமந்தாங்க. தீபம் ஏற்றுகிறது எங்கள் சொந்தக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியமாக, "ஆனா கார்த்திகை மாசம் நமக்குப் பட்டினி மாசம்டி" என்பாங்க. ஊரே மாலை போட்டிருக்கும், விரதம் இருக்கும். புரட்டாசியிலும் அதே கதை. அதுவும் ரமணாசிரமம் பக்கம் கேட்கவே வேண்டாம். 1922-ல் ரமணர் மலையை விட்டு இறங்கி இங்கே தங்கினதில் இருந்து இந்தப் பக்கம் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வந்து குடியேறிக்கொண்டே இருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் அம்மா கூடையை இறக்கவே மாட்டாங்க. யாரும் அடிக்கவோ திட்டவோ இல்லை. அவங்களுக்கே ஒரு கூச்சம். சமுத்திரம் ஏரியில் பிடித்த மீனைச் சமுத்திரம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் விற்காமல், செங்கம் ரோட்டில் பஸ் ஏறி வெளியூருக்குக் கொண்டு போய் விற்றுவிட்டு வருவாங்க.

மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது, கடன், சேமிப்பு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஏரியைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். நம்மில் பலர் வீட்டு வறுமைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறை ஏரிகள் மட்டும் ஏறத்தாழ 700. ஊராட்சி ஒன்றிய ஏரிகள் அதைவிட அதிகம். பெரிய ஆறு நம் ஊர் வழியாகப் போகாததால், மலையில் பெய்யும் மழையைத் தேக்கி வைக்க அந்தக் காலத்து ஆட்கள் கரை போட்டார்கள். சமுத்திரம், வேங்கிக்கால், நொச்சிமலை எல்லாம் அப்படி வந்தவைதான். ஏரி என்றால் நெல்லுக்குப் பாயும் தண்ணி என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அதில் மீன் இருக்கிறது, அதைப் பிடிக்க ஒரு கூட்டம் இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஆனால் கல்வெட்டு எழுதினவர்களுக்கு ஞாபகம் இருந்தது. பழைய கல்வெட்டுகளில் "பாசிப்பாட்டம்" என்று ஒரு வருவாய் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கிற உரிமைக்குக் கொடுக்கிற குத்தகைப் பணம் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். இன்றைக்கும் ஊராட்சி நோட்டீஸில் "மீன்பாசி ஏலம்" என்று போடுகிறார்களே, அந்தப் பாசியும் இந்தப் பாசியும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பணத்தை ஏரியைக் குழி தோண்டித் தூர் வாரத்தான் செலவு செய்ய வேண்டும் என்றும் சில கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது மீன் காசு திரும்பவும் ஏரிக்கே போனது. தூர் எடுத்தால் தண்ணி நிற்கும். தண்ணி நின்றால் மீன் இருக்கும், நெல்லும் இருக்கும்.

இதைச் சொன்னதும் சிலர் அந்தக் காலம் பொற்காலம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போம். அந்தக் குடவோலையில் பெயர் எழுத என்ன தகுதி? வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. வலைக்காரனுக்கு நிலம் ஏது? அந்தக் கூட்டத்தில் வலைக்காரனும் இல்லை, கூடைக்காரியும் இல்லை. குத்தகைக்குக் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், தண்ணியில் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். இந்தப் பிரிவினை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஏரி சர்க்கார் கணக்குக்குப் போனது. ஊர் கூடிச் செய்த குடிமராமத்து தேய்ந்தது. இப்போது 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுப்பணித்துறையிடம் (2021-க்குப் பிறகு நீர்வளத்துறை), அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் என்று கணக்கு. மீன் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை. 1907-ல் சென்னை மாகாணத்தில் நிக்கல்சன் துரை மீன் துறையைத் தொடங்கினார். நம் ஏரிப் பக்கம் பெரிய மாற்றம் வந்தது அதற்கும் 50 வருஷம் கழித்துத்தான்.

அந்த மாற்றத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அதுவரை ஏரி மீன் தானாக வந்த மீன். ஐப்பசியில் புது வெள்ளம் வரும்போது எதிர்த்து ஏறும். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை, அயிரை, ஆரால். தண்ணி வற்றினால் சேற்றில் புதைந்து கிடக்கும், அடுத்த மழைக்கு வெளியே வரும். யாரும் விதைக்கவில்லை. குத்தகை எடுத்தவர் பெரிய வலை போட்டு அரித்துக்கொண்டு போன பிறகும் ஓரத்தில், புதரில், சேற்றில் மீன் மிச்சம் இருக்கும். அது ஏழைக்கு. நம் ஏரிக்கரைகளில் இருளர் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இருளர் பெண்கள் வலையே இல்லாமல் இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து, கையாலேயே தடவிப் பிடிப்பார்கள். முள் குத்தும், கெளுத்தி கொட்டும், விரல் வீங்கும். அன்று ராத்திரிக் குழம்புக்கு ஆகும், மிச்சத்தைக் கால்படி அரிசிக்கு மாற்றுவார்கள்.

1952-ல் வெளிநாட்டில் இருந்து ஜிலேபிக் கெண்டையைக் கொண்டு வந்தார்கள். எதையும் தின்னும், எங்கேயும் பெருகும். கொஞ்ச வருஷத்தில் எல்லா ஏரியிலும் அதுதான். ஏழை வீட்டு மீன் என்று பெயர் எடுத்தது, அதனால் அதைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. ஆனால் கெண்டைக்கும் அயிரைக்கும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது.

அடுத்தது 1957. அதுவரை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வேண்டும் என்றால் வடக்கே ஆற்று வெள்ளத்தில் போய் அள்ள வேண்டும். தேங்கின தண்ணியில் அவை முட்டை இடாது. அந்த வருஷம் ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியை எடுத்து, அதைக் கரைத்து ஊசி போட்டு, தேங்கின தண்ணியிலேயே கெண்டை இனத்தை முட்டை இட வைத்தார். இன்றைக்கும் அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் எந்த ஊரிலும் குஞ்சு உற்பத்தி செய்யலாம் என்று ஆனது. கட்லா மேல்தண்ணியில் மேயும், ரோகு நடுத்தண்ணியில், மிர்கால் அடியில். மூன்றையும் சேர்த்து விட்டால் ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை. நாட்டுக்கு மீன் கூடியது. இது நல்ல காரியம், மறுக்க முடியாது.

நம் பக்கத்தில் தென்பெண்ணையில் சாத்தனூர் அணை 1958-ல் முடிந்தது. 119 அடித் தண்ணி. 1974-ல் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் வந்தது. அணைகளில் குஞ்சு விட்டு வளர்ப்பது அதன் வேலை. பரிசலில் போய்ப் பிடிக்கிறவருக்கு, பிடித்ததில் பங்கு. இன்றைக்கு சாத்தனூர் டேம் போனால் வறுத்த மீன் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை.

ஆனால் சின்ன ஏரிகளில் நடந்தது வேறு. குஞ்சு விட வேண்டும் என்றால் காசு வேண்டும். ராத்திரி காவல் வைக்க வேண்டும், பெரிய வலைக்கும் வண்டிக்கும் பணம் வேண்டும். நாலு பேர் சேர்ந்து குத்தகை எடுத்த வலைக்காரர்கள் ஏலத்தில் தோற்றார்கள். கையில் காசு இருந்தவர் எடுத்தார், அவர் மீன்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. வலைக்காரர் அவரிடம் கூலிக்குப் போனார். குத்தகை எடுத்தவர் 5,000 குஞ்சு விட்டிருப்பார். ஆனால் ஏரிக்குள் இருக்கிற எல்லா மீனும் அவருடையது என்று ஆகிவிட்டது. மழைக்குத் தானாக ஏறி வந்த குரவையும் அவருடையது, சேற்றில் நாலு வருஷமாகக் கிடந்த விராலும் அவருடையது. கையால் தடவிப் பிடித்த இருளர் பெண் அதுவரை மீன்காரி. அதற்கு அப்புறம் திருடி.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரையில் ஒரு பெண்ணின் மண் சட்டியைக் காவல்காரர் உதைத்து உடைத்ததைப் பார்த்தேன். நாலைந்து கெளுத்தி மண்ணில் துடித்தது. அவள் அதைப் பொறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. சும்மா நின்றாள்.

முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கக் குடும்பத்தோடு செங்கல் சூளையிலும், விறகு வெட்டிலும், ஏரிக் காவலிலும் கிடந்த இருளர் குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஏரி கையை விட்டுப் போன பிறகு, அரிசிக்கு வேறு வழி இல்லாதவர்கள் முன்பணத்துக்குக் கை நீட்டாமல் என்ன செய்வார்கள்?

எங்கள் வீட்டு நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் அதே கயிற்றின் இன்னொரு முனைதான். அம்மா குத்தகைக்காரரிடம் கடனுக்கு மீன் எடுப்பாங்க. எடை அவர் வைத்த எடை, விலை அவர் சொன்ன விலை. விற்றாலும் விற்காவிட்டாலும் ராத்திரி பணம் கொடுக்க வேண்டும். ஐஸ் கிடையாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் மீன் கண் வெளுத்துவிடும், பாதி விலைக்குத் தள்ள வேண்டும். விற்காததை உப்பு போட்டுக் கருவாடு ஆக்குவாங்க. கூடை வாங்க, பஸ்ஸுக்கு, புள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்டல்காரரிடம் போவாங்க. காலையில் 90 ரூபாய் வாங்கி சாயங்காலம் 100 ரூபாய் கொடுத்த நாட்கள் உண்டு. அதை வருஷ வட்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அம்மா சிரித்தாங்க. "கணக்குப் போட்டா கூடையைத் தூக்க முடியாதுடி."

பஸ் கதை தனி. "நாத்தம்" என்று ஏற்ற மாட்டார்கள், ஏற்றினால் பின்னால் நிற்கச் சொல்வார்கள். இது பழைய கதை என்று நினைத்திருந்தேன். 2021 மே மாசம் நமக்கெல்லாம் டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் ஒரு வயசான மீன்காரம்மாவை நாற்றம் என்று பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பஸ் நிலையத்தில் நின்று ஆத்திரமாகக் கேட்ட கேள்வியை வீடியோவில் நாடே பார்த்தது. எங்க அம்மாவும் டிவியில் பார்த்தாங்க. ஒன்றும் பேசவில்லை. சேனலை மாற்றச் சொன்னாங்க.

ஏரியை யாராவது நியாயமாகப் பங்கு போட்டார்களா என்று தேடினால், பழவேற்காடு ஏரியைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே, ஆந்திராவும் நாமும் பங்கு வைத்திருக்கும் பெரிய உப்புத்தண்ணி ஏரி. அங்கே "பாடு" என்று ஒரு முறை. மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊர் கூடிப் பிரித்து, சீட்டு எடுத்து, முறை வைத்து வலை போடுவார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. ஏலம் கிடையாது, பணக்காரன் தூக்கிக்கொண்டு போக முடியாது. கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? ஆனால் பாட்டு உரிமை குறிப்பிட்ட குப்பங்களின் ஆண்களுக்குத்தான். பெண்ணுக்குப் பாடு இல்லை. அங்கேயும் இருளர் உண்டு. பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணியில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. பங்கு போட்ட இடத்திலும் கையால் பிடிக்கிறவள் பங்குக்கு வெளியேதான் இருந்திருக்கிறாள்.

இனி நம் கதை. 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அதே 1989 செப்டம்பர் 30-ஆம் தேதிதான் வட ஆற்காட்டில் இருந்து பிரிந்து நம் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களுக்கு வங்கிக் கடன் இணைப்பைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அம்மா தண்டல்காரரிடம் போவதை நிறுத்தியது எங்கள் குழுவின் முதல் உள்கடனில்தான். அதை அவங்களே கூட்டத்தில் எழுந்து சொன்னாங்க.

சுமார் 15 வருஷத்துக்கு முன்னால் இரண்டு குழுக்கள் சேர்ந்து, 27 பேர், ஒரு சின்ன ஊராட்சி ஏரியின் மீன்பாசியை மூன்று வருஷத்துக்கு ஏலம் எடுத்தோம். ஏரி பெயரும் ஊர் பெயரும் வேண்டாம். ஏலத்துக்குப் பெண்கள் வந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். வங்கிக் கடனில் குஞ்சு வாங்கினோம். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் வரும். அதை உடனே அவிழ்த்துக் கொட்டக் கூடாது, பையோடு ஏரித் தண்ணியில் மிதக்க விட்டு, உள்ளே வெளியே சூடு ஒன்றானதும்தான் திறக்க வேண்டும். முதல் தடவை அவசரப்பட்டுக் கொட்டி இரண்டு பை குஞ்சு செத்தது. காவலுக்கு வீட்டு ஆம்பிளைங்களை முறை வைத்துப் போட்டோம்.

பங்குனியில் தண்ணி இடுப்பளவுக்கு இறங்கியது. ஒரு காலையில் ஏழெட்டு இருளர் பெண்கள் ஓரத்தில் இறங்கித் தடவ ஆரம்பித்தார்கள். காவலில் இருந்தவர் கத்திக்கொண்டே ஓடினார். நாங்களும் போனோம். எங்களில் ஒருத்தி, "கடன் வாங்கி விட்ட குஞ்சும்மா இது, வட்டி நீ கட்டுவியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவர்களில் மூத்த அம்மா தண்ணியில் நின்றபடியே சொன்னாங்க: "நீங்க விட்ட மீனு எங்களுக்கு அடையாளம் தெரியும்க்கா. கட்லா வந்தா உட்டுடறோம். சேத்துல இருக்கற கொரவையும் கெளுத்தியும் நீங்களா உட்டீங்க?"

யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கு அந்த உடைந்த சட்டி ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் கூட்டம் போட்டோம். மூன்று மணி நேரம் சண்டை. இன்றைக்கு ஏழு பேரை விட்டால் நாளைக்கு எழுபது பேர் வருவார்கள் என்றார்கள். கட்லாவைப் பிடித்து மடியில் மறைத்தால் யார் பார்ப்பது என்றார்கள். எதுவும் பொய்யான பயம் இல்லை. கடைசியில் எழுதின தீர்மானம்: வலையோ தூண்டிலோ இல்லாமல், பகலில், ஓரத்துத் தண்ணியில் கையால் பிடிப்பவர்களைத் தடுப்பதில்லை, விட்ட மீன் கிடைத்தால் கரையில் ஒப்படைக்க வேண்டும். 27 பேரில் 16 பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாத 11 பேரில் எங்க அம்மாவும் உண்டு. வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "எனக்கு யாரு உட்டா?" என்றாங்க. அதற்கு மேல் பேசவில்லை.

அந்த வருஷம் அறுவடை நன்றாக வந்தது. இருளர் பெண்கள் ஒப்படைத்த கட்லா எத்தனை என்று தனியாகக் குறித்து வைத்தோம், 14. மறைத்தது எத்தனை என்று தெரியாது, இருந்திருக்கும். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி தை மாசமே காய்ந்தது, விட்ட குஞ்சில் கால் பங்கும் தேறவில்லை. கடலில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிறார்கள், காய்ந்த ஏரிக்கு அது கிடையாது. தவணையை 100 நாள் வேலைக் கூலியில் கட்டினோம். மூன்றாம் வருஷம் போட்டதை எடுத்தோம், பெரிய லாபம் இல்லை. குத்தகை முடிந்ததும் வேறு ஒருவர் எங்களால் கட்ட முடியாத தொகைக்கு எடுத்தார். அந்தப் பங்குனியிலேயே இருளர் பெண்களைக் கரை ஏற விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் வரும் பசலிக்கு ஏலத்துக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பழைய தீர்மான நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. குஞ்சு வாங்கின ரசீது, காவல் முறைப் பட்டியல், நஷ்ட வருஷத்துக் கணக்கு எல்லாம் அதிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் மாதக் கூட்டத்தன்று கேளுங்கள், கொண்டு வருகிறேன்.